தீயில் பிளாஸ்டிக் கேன் என்னவாகும்?

(தென்காசிப் பகுதி உழவர்களிடையே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் உங்களிடம் பேச வந்தால் கார் நெல்லுக்கு என்ன உரம், பிசானத்துக்கு எந்த ரகம், எலுமிச்சைக்கு எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்றுதான் பேசுவேன். இன்று பயிரை விட்டுவிட்டு, உங்கள் மோட்டார் அறையின் மூலையில் கிடக்கும் பிளாஸ்டிக் கேனைப் பற்றிப் பேசப் போகிறேன். இதில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பயிர் போனால் அடுத்த பருவம் உண்டு. கை கால் வெந்து போனால் அதற்கு அடுத்த பருவம் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். முதல் நாள் அங்கே தென்னை மட்டையையும் சருகையும் குவித்துத் தீ வைத்திருக்கிறார்கள். காற்று திரும்பியதும் பொறி பறந்து கீற்றுக் கொட்டகையில் விழுந்துவிட்டது. நான் போனபோது கொட்டகை இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. அந்தச் சாம்பலில் மூன்று காட்சிகளைக் கண்டேன்.

ஒரு மூலையில் குடிதண்ணீர்க் கேன் ஒன்று. அதன் மேற்பாதியைக் காணோம். கத்தியால் வட்டமாக அறுத்ததுபோல் கீழ்ப்பாதி மட்டும் நின்றது. அதற்குள் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. அதற்கு நான்கடி தள்ளி டீசல் கேன் இருந்த இடம். அங்கே கேனும் இல்லை, டீசலும் இல்லை. தரையில் கறுத்துப்போன ஒரு பெரிய வட்டம் மட்டும் இருந்தது. பூச்சிமருந்துப் பாட்டில்கள் இருந்த பலகைக்குக் கீழே உருகி உறைந்த ஒரு கட்டி கிடந்தது. ஒரு நாள் கழிந்தும் மூக்கைத் துளைக்கும் நெடி போகவில்லை.

தோப்புக்காரர் வலது காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். "கேன்தானே சார், தூக்கி வெளியே வச்சிரலாம்னு உள்ளே போனேன். கைப்பிடி மட்டும்தான் கையோட வந்துச்சு" என்றார். கைப்பிடி கையில் வந்தபோது டீசல் காலில் கொட்டியிருக்கிறது.

ஒரே தீயில் தண்ணீர்க் கேன் பாதி நின்றது. டீசல் கேன் அடையாளம் இல்லாமல் போனது. இது ஏன் என்று தெரிந்துகொண்டால், தீ வரும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக்கின் குணம்

பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல சாதிகள் உண்டு. டீசல் கேன், மருந்துக் கேன், கறுப்பு நீர்த்தொட்டி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகை. கடினமான கேன் பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். அதற்கு முன்பே இளகித் தொய்ந்துவிடும். குளிர்பானப் பாட்டில், கண்ணாடிபோல் தெரியும் மருந்துப் பாட்டில் ஆகியவை 'பெட்' வகை. இவை ஏறத்தாழ 75 டிகிரியிலேயே இளகிச் சுருங்கும். 250 டிகிரிக்கு மேல் உருகும். பாசனத்துக்குப் போடும் பி.வி.சி. குழாய் ஏறத்தாழ 80 டிகிரியில் இளகும். அது எரிந்தால் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் அமிலப் புகை வரும்.

கீற்றும் சருகும் எரியும் தீயின் சுடரோ 800 டிகிரியையும் தாண்டும். ஆகவே தீக்கு எதிரே நிற்கக்கூடிய பிளாஸ்டிக் கேன் எதுவும் உங்கள் வீட்டில் கிடையாது. விலை கூடியது, தடிமனானது என்பதெல்லாம் சில நிமிட வேறுபாடுதான்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். பாலிஎத்திலீன் மண்ணெண்ணெய், டீசல் வரும் அதே பெட்ரோலிய வழியில் வந்த பொருள். ஒரு கிலோ பாலிஎத்திலீன் எரிந்தால் வரும் வெப்பம், ஒரு கிலோ டீசல் தரும் வெப்பத்துக்குக் குறைந்ததல்ல. எனவே டீசல் கேன் என்பது எண்ணெயை எண்ணெய்க் கட்டிக்குள் ஊற்றி வைத்ததற்குச் சமம்.

தண்ணீர் எப்படிக் காக்கிறது?

டீக்கடையில் தரும் காகித டம்ளர் ஒன்றில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அடியில் மெழுகுவத்திச் சுடரைக் காட்டினால், அடி கரியேறும். ஆனால் ஓட்டை விழாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகும். அதே டம்ளரைத் தண்ணீர் இல்லாமல் காட்டினால் நொடியில் பற்றிக்கொள்ளும்.

காரணம் எளிது. சுடர் தரும் வெப்பத்தைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலையான 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் தேவை. கொதித்த தண்ணீரை முழுவதும் ஆவியாக்க இன்னும் ஏறத்தாழ 540 கிலோகலோரி வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை அதன் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் போகாது. பாலிஎத்திலீன் உருகுவதற்கோ 130 டிகிரி வேண்டும். ஆகவே தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் உட்பக்கம் உருகுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெறும் காற்றுதான். அந்தப் பகுதிக்குக் காவல் இல்லை. அது உருகி எரிந்துவிடும். தண்ணீர் மட்டத்தில் அறுத்துவிட்டதுபோல் கேன் நின்றதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. பிளாஸ்டிக் வெப்பத்தை விரைவாகக் கடத்தாத பொருள். சுவர் தடிமனாக இருந்தால் வெளிப்பக்கத்து வெப்பம் உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் போய்ச் சேருமுன் வெளித்தோல் உருகி எரியத் தொடங்கும். அப்படியே அடுக்கடுக்காக மெலிந்துகொண்டு வரும். தீ கடுமையாகவும் நீண்ட நேரமும் இருந்தால் தண்ணீர்க் கேனும் ஓட்டையாகும். அப்போது கொட்டுவது தண்ணீர் என்பதால், அது தீக்கு எதிரி, நமக்குக் கேடில்லை. கொதித்த தண்ணீர் மேலே படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டீசலும் பெட்ரோலும்

டீசல் கேனிலும் தொடக்கத்தில் இதேதான் நடக்கும். உள்ளே இருக்கும் குளிர்ந்த டீசல் சிறிது நேரம் சுவரைக் காக்கும். ஆனால் மூன்று வேறுபாடுகள் உண்டு.

முதலாவது, ஒரே எடைக்குப் பார்த்தால், தண்ணீருக்குத் தேவையான வெப்பத்தில் ஏறக்குறைய பாதியிலேயே டீசல் அதே அளவு சூடாகிவிடும்.

இரண்டாவது, டீசல் 100 டிகிரியில் நின்றுவிடாது. அது கொதிப்பதே ஏறத்தாழ 180 டிகிரிக்கு மேல்தான். அதற்கு முன்பே, 130 டிகிரியில், கேன் உருகிவிடுகிறது. காவல்காரன் விழித்திருக்கையிலேயே கதவு கழன்று விழுவது போன்றது இது.

மூன்றாவதுதான் முக்கியம். கேனின் மேற்பகுதி இளகித் திறந்தவுடன் டீசல் ஆவி வெளியேறிப் பற்றிக்கொள்ளும். நம் நாட்டில் விற்கும் டீசலின் பற்றுநிலை குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர அளவு. அதாவது, நம் ஊர்க் கோடை வெயில் அளவுக்குச் சூடானாலே, தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி வரக்கூடும். பிறகு சுவரில் ஓரிடம் கிழியும், கேன் சாயும், உள்ளே இருப்பது முழுவதும் தரையில் ஓடும். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே தீயும் ஓடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 8,600 கிலோகலோரி வெப்பம் வரும். இருபது லிட்டர் கேன் என்றால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

"கேன் வெடிக்குமா?" என்று பலர் கேட்பதுண்டு. இரும்பு டிரம் இறுக மூடியிருந்தால் தீயில் அழுத்தம் ஏறிப் பயங்கரமாக வெடிக்கும். பிளாஸ்டிக் கேன் பெரும்பாலும் அப்படி வெடிப்பதில்லை. அழுத்தம் ஏறுமுன் இளகி உப்பிக் கிழிந்துவிடும். இது நல்லதுதானே என்று எண்ணக்கூடாது. வெடிக்காமல் ஓசையின்றித் திறந்து, இருப்பதையெல்லாம் தீக்குக் கொடுத்துவிடுகிறது.

பெட்ரோல் இன்னும் கொடியது. விசைத்தெளிப்பானுக்கும் களைவெட்டும் கருவிக்கும் குடிநீர்ப் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைக்கிறோம். பெட்ரோல் எந்தக் குளிரிலும் பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் எட்ட இருக்கும் அடுப்பில் பற்றித் திரும்பி வரும். நிறைந்த பாட்டிலைவிட, அடியில் நாலு விரல் பெட்ரோல் கிடக்கும் பாட்டிலை இன்னும் அஞ்ச வேண்டும். அதற்குள் ஆவியும் காற்றும் பற்றக்கூடிய அளவில் கலந்திருந்தால், சுடர் பட்டதும் வாய் வழியே நெருப்பு நாலைந்து அடிக்கும் மேல் பீறிட்டு அடிக்கும். சருகு நன்றாக எரியட்டும் என்று எரிகிற குவியலில் பாட்டிலிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் முகம் வெந்துபோவது இப்படித்தான். எரியும் தீயில் எண்ணெய் ஊற்றவே கூடாது.

பூச்சிமருந்து: புகையிலும் கேடு, தண்ணீரிலும் கேடு

லேபிளில் 'ஈ.சி.' என்று இருக்கும், தண்ணீரில் ஊற்றினால் பால்போல் கலங்கும் மருந்துகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் மருந்து பாதி என்றால், மீதியில் பெரும்பங்கு சைலீன் போன்ற எரியக்கூடிய கரைப்பான். ஆகவே மருந்துப் பாட்டில் தீயில் விழுந்தால் எண்ணெய்ப் பாட்டில்போல் எரியும். எரியும்போது மருந்து முழுவதும் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பங்கு எரியாமலே புகையோடு கலந்து வரும். மற்றொரு பங்கு வேறு நச்சு வாயுக்களாக மாறும். மருந்து எரியும் புகைக்கு எதிர்க்காற்றில் நிற்கக்கூடாது. நமக்குப் பின்னாலிருந்து காற்று வீசும் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

அடுத்த கேடு, தீயை அணைக்க ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டில் பேசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. அங்கே பூச்சிமருந்துகள் ஏராளமாக இருந்தன. தீயை அணைக்க அடித்த தண்ணீர், அந்த மருந்துகளைச் சுமந்துகொண்டு ரைன் ஆற்றில் கலந்தது. ஆறு சிவந்து ஓடியது. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. தீயைவிடத் தண்ணீரால் வந்த கேடு நெடுந்தொலைவு சென்றது.

நம்முடையது பெரிய கிடங்கு அல்ல. ஒரு பலகையில் நாலைந்து பாட்டில்தான். ஆனால் நம் மோட்டார் அறை கிணற்றங்கரையில் இருக்கிறது. பத்தடியில் வாய்க்கால். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு நம் வயல்களைத் தொட்டுக்கொண்டு போய்த் தாமிரபரணியில் சேர்கிறது. நம் கிணற்றில் இறங்கும் மருந்தை முதலில் குடிப்பது நம் மாடும் நம் பிள்ளைகளும்தான். ஆகவே மருந்து எரியும் இடத்தில் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டாமல் மணலையும் உலர்ந்த மண்ணையும் போட வேண்டும். தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், கிணற்றுப் பக்கமும் வாய்க்கால் பக்கமும் மண்வெட்டியால் ஒரு வரப்பு போட்டுவிடுங்கள். வரப்புப் போட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலி மருந்துப் பாட்டிலைச் சருகோடு போட்டு எரிக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மூடி போட்ட காலிப் பாட்டிலில் காற்று விரிந்து 'டப்' என்று பிளக்கும். அடியில் கிடக்கும் மருந்தும் உருகிய பிளாஸ்டிக்கும் தெறிக்கும். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டினால் விடாது. பாட்டில் காலியானதும் மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். பிறகு பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள். உபயோகித்த கலங்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகள் சொல்கின்றன. கிணறு, ஓடை அருகே புதைக்கக்கூடாது.

சாரல் காலத்திலும் அசட்டை வேண்டாம்

"கோடையில்தானே தீ? ஆனி, ஆடியில் சாரல் விழுகிறதே" என்று சிலர் சொல்லலாம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சீசன் நேரத்தில், குற்றாலநாதர் கோயில் அருகே போட்டிருந்த தற்காலிகக் கடைகள் பல தீயில் எரிந்து போனதை நாம் மறந்திருக்க முடியாது. ஒன்றையொன்று ஒட்டிய கொட்டகைகளில் தீ பிடித்தால், பக்கத்தில் அருவி விழுந்தாலும் அது நமக்கு உதவ வராது. மேலும் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றின் வேகம் உங்களுக்குத் தெரியும். காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்றே பொறியையும் சுமந்துபோகும். கூரைக்கு மேலே சாரல் நனைத்தாலும் கூரைக்கு அடியில் கேன் உலர்ந்துதான் இருக்கிறது.

முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

1. டீசலையும் மருந்தையும் ஒரே அறையில் வைக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றுக்கு விறகு.

2. இரண்டு மூன்று நாள் வேலைக்கு வேண்டிய டீசலை மட்டும் தோட்டத்தில் வையுங்கள். என்ஜினின் புகைக்குழாய்ப் பக்கமோ ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழேயோ வைக்கக்கூடாது. என்ஜின் சூடு ஆறிய பிறகே டீசல் ஊற்ற வேண்டும்.

3. பெட்ரோலைக் குடிநீர்ப் பாட்டிலில் வைக்கவே கூடாது. அதற்கென்று செய்த, இறுக்கமான மூடியுள்ள கலத்தில் சிறிதளவு வைத்து, மேலே எழுதி ஒட்டுங்கள். தாகத்தில் குழந்தை குடித்துவிடும் ஆபத்தும் இதனால் நீங்கும்.

4. கேன் இருக்கும் இடத்தைச் சுற்றி அரையடி உயரத்துக்கு மண்ணாலோ செங்கல்லாலோ பாத்தி கட்டுங்கள். கேன் உருகினாலும் எண்ணெய் அந்தப் பாத்திக்குள்ளேயே நிற்கும்.

5. மோட்டார் அறையைச் சுற்றிக் குறைந்தது 30 அடிக்குச் சருகு, மட்டை, காய்ந்த புல் இல்லாமல் செதுக்கி வையுங்கள். மட்டையை எரிப்பதைவிட மட்கவைத்துத் தென்னைக்கே எருவாகப் போடுவது இலாபம், தீக்கும் வேலையில்லை.

6. அறைக்கு வெளியே இரண்டு வாளி மணலும், ஒரு டிரம் தண்ணீரும், ஒரு சணல் சாக்கும் எப்போதும் இருக்கட்டும். அந்த டிரம் நிறைந்தே இருக்கட்டும். தண்ணீர் உள்ள மட்டத்துக்குத்தான் காவல் என்பதை முன்பே பார்த்தோம்.

தீ பிடித்துவிட்டால்

முதலில் ஆட்களையும் மாடு கன்றுகளையும் அப்புறப்படுத்துங்கள். மின்சாரத்தைத் துண்டிக்க முடிந்தால் துண்டியுங்கள். 101-க்குத் தொலைபேசி செய்து, உள்ளே டீசல் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்களுக்கு அது பெரிய உதவி.

தீ இன்னும் நெருங்காமல், கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் கேனை மட்டும் அப்புறப்படுத்தலாம். உப்பியிருக்கும் கேன், பளபளத்துத் தொய்ந்த கேன், சுடும் கேன் ஆகியவற்றைத் தொடாதீர்கள். கைப்பிடியும் மேற்பகுதியும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருப்பவை; அவைதாம் முதலில் இளகும். பார்வைக்கு முழுதாக இருக்கும் கேன், தூக்கும்போது பிரிந்துவிடும்.

எரியும் டீசல்மேல் வாளித் தண்ணீரை வீசாதீர்கள். தண்ணீர் அடியில் போகும். டீசல் அதன்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும். சிறு தீ என்றால் மணலைக் கொட்டுங்கள். நனைத்த சாக்கால் மூடுங்கள். இரண்டு வாளி மணலில் அடங்கவில்லை என்றால் விலகிவிடுங்கள். இறுக மூடிய இரும்பு டிரம், சமையல் வாயு உருளை இருந்தால் வெகுதூரம் போய்விடுங்கள்.

தீக்காயம் பட்டால் குளிர்ந்த ஓடும் தண்ணீரை 20 நிமிடம் காட்டுங்கள். மை, பற்பசை, நெய், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்காதீர்கள்; குளிர்வித்து அப்படியே மருத்துவரிடம் போங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புகையை மூச்சிழுத்தவருக்கு வாந்தி, எச்சில் ஊறுதல், மூச்சுத் திணறல், பார்வை மங்கல் தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். மருந்தின் பெயரைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்காகவே மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பது நல்லது.

உழவர் பெருமக்களே! அன்று அந்தத் தோப்புக்காரர் காப்பாற்றப் போனது இருபது லிட்டர் டீசலை. அவர் காலில் செருப்புப் போட்டு நடக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பருவத்துக்கு அவர் வயலில் இறங்கவே இல்லை. டீசலின் விலையையும் நான்கு மாதக் கூலியையும் மருத்துவச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கணக்குப் பாருங்கள்.

இன்று வீடு திரும்பும் வழியில் தோட்டத்துக்கு ஒரு நடை போய், மோட்டார் அறையின் மூலையைப் பாருங்கள். டீசலும் மருந்தும் ஒன்றாக இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள். அதற்குக் கால் மணி நேரம் போதும்.